கதிரமலைக்குக் கால்நடைப் பயணம்

நுழையும்முன்

சாலைகளும் ஊர்திகளும் தோன்றுவதற்கு முன்னர், தொலைவிலுள்ள ஊரை அடைய மனிதனுக்கு இருந்த ஒரே துணை அவன் கால்களே. இன்று நடக்க வேண்டிய தேவை இல்லாதபோதும், சில வழிகளை மக்கள் நடந்தே கடக்க விரும்புகின்றனர். இலங்கையின் வடகோடியிலிருந்து தென்கிழக்கில் உள்ள கதிர்காமம் வரை செல்லும் நெடுவழி அத்தகையது. போரால் அறுந்து, மீண்டும் தொடரப்பட்ட அந்த வழியின் வரலாற்றையும் இயல்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாதையும் சாலையும்

சாலையும் பாதையும் ஒன்றல்ல. சாலை ஒருமுறை போடப்பட்டுவிட்டால், அதில் எவரும் செல்லாத நாளிலும் அது சாலையாகவே இருக்கும். ஒற்றையடிப் பாதையோ நடப்பவர் உள்ளவரைதான் பாதை. ஓரிரு மழைக்காலம் ஆளரவம் இன்றிக் கழிந்தால், புல்லும் முள்ளும் அதனை மூடிவிடும். அதன்பின் அது எங்கே இருந்தது என்பதை நடந்தவர்களின் நினைவு மட்டுமே காட்டும்.

நடந்தவர் நடக்கவிருப்பவருக்கு வழிகாட்டும் பண்பைத் தமிழர் இலக்கிய வகையாகவே வளர்த்தனர். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழியில் உள்ள ஊர்கள், உணவு, இடர்கள் ஆகியவற்றைக் கூறி ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் முதல் நூலாக வைக்கப்பட்ட திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் இவ்வகையை இறைநெறிக்கு உரியதாக்கினார். பொருள் பெற்றவன் காட்டிய வழி, அருள் பெற்றவன் காட்டும் வழியாயிற்று. கதிர்காமக் கால்நடைப் பயணத்தில் இவ்விரண்டும் இன்றும் ஒன்றாகவே நிகழ்கின்றன. அங்கு வழிகாட்டுபவர் இறைவனைப் பற்றியும் கூறுவார். எந்த ஆற்றில் எவ்வளவு ஆழம் தோண்டினால் நீர் கிடைக்கும் என்பதையும் கூறுவார்.

பலரும் போற்றும் தலம்

கதிர்காமம் இலங்கையின் தென்கிழக்கில், மாணிக்க கங்கை என்னும் ஆற்றின் கரையில் காடு சூழ அமைந்த தலம். கதிரமலை, ஏமகூடம் என்னும் பெயர்களாலும் தமிழர் இதனைக் குறிப்பர். சிங்கள மக்கள் 'கதரகம' என்பர். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழில் இத்தலத்துக்குரிய பாடல்கள் உள்ளன. தமிழகத்துக்கு வெளியே கடல்கடந்த ஒரு தலத்தை அவர் பாடியது, அக்காலத்திலேயே கதிர்காமம் பெற்றிருந்த புகழைக் காட்டும்.

முருகன் வள்ளியை மணந்த இடம் இதுவே என்பது இங்குள்ள மரபு. வள்ளியைத் தம் குலமகளாகக் கருதும் இலங்கை வேடர்கள், முருகனைத் தம் குலத்து மருமகனாகப் போற்றுவர். ஆண்டுதோறும் ஆடித் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் யானைமீது எழுந்தருளும் ஊர்வலம், முருகன் கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்குச் சென்று மீளும். அமாவாசையை ஒட்டித் தொடங்கும் அவ்விழா, முழுநிலவு நாளில் மாணிக்க கங்கையில் தீர்த்தமாடுதலோடு நிறைவுறும்.

பௌத்தர்களுக்கும் இது புனித ஊர். அநுராதபுரத்தில் வெள்ளரசுக் கிளை நடப்பட்டபோது இவ்வூர்ப் பெருமக்கள் அங்கிருந்ததாக மகாவம்சம் கூறுகிறது. கிரிவிகாரை என்னும் வெண்ணிறத் தூபி கோயிலுக்கு அருகில் உயர்ந்து நிற்கிறது. அதே வளாகத்தில் பள்ளிவாசலும் இசுலாமியப் பெரியார்களின் அடக்கத்தலமும் உள்ளன. வேடர், பௌத்தர், சைவர், இசுலாமியர் என நால்வகை மக்களும் தத்தம் நெறியில் வழிபடும் ஊர்கள் உலகில் மிகச் சிலவே.

கோயிலின் வழிபாட்டு முறையும் தனித்தன்மை கொண்டது. கருவறையில் கண்டு வணங்கத்தக்க திருவுருவம் இல்லை. முருகன் உருவம் தீட்டிய திரையே வழிபடுவோர் முன் தொங்கும். திரைக்கு அப்பால் உள்ள எந்திரத்திற்கு, வாயைத் துணியால் கட்டிய பூசகர் மந்திரம் ஓதாது பூசை செய்வார். நூற்றுக்கணக்கான கல் நடந்து வந்தவர் இறுதியில் காண்பது ஒரு திரையைத்தான். நடந்து வந்தவர்க்கு அது குறையாகத் தோன்றுவதில்லை.

ஐந்திணை கடக்கும் வழி

இந்நெடும்பயணம் வழக்கமாக யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கும். அங்கும் வாய்கட்டிப் பூசையே மரபு. வருவோர்க்கெல்லாம் இடையறாது சோறிடுவதால் அத்தலத்து இறைவனை 'அன்னதானக் கந்தன்' என்பர். அங்கிருந்து வேல் ஒன்றைத் தாங்கிய முதியவர் முன்செல்ல, குழுவினர் அவரைப் பின்தொடர்வர். கால்நடையாகவே சென்று ஆடி விழாவின் கொடியேற்றத்துக்குக் கதிர்காமத்தை அடைய வேண்டுமாயின் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு திங்கள் தேவைப்படும். ஆகவே வைகாசியிலேயே புறப்பட்டுவிடுவர்.

வழியில் முதற் பெருந்தலம் முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குப் பெருங்கூட்டம் திரளும் தலம் அது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு கலந்துகொண்டதாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அந்தக் காப்பியத் தலைவி இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் ஊர்த்தெய்வமாக வாழ்கிறாள். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வமாகப் போற்றப்படுகிறாள்.

அதன்பின் வழி கிழக்குக் கடலோரமாகத் திரும்பும். திருகோணமலையில் பாடல்பெற்ற தலமான திருக்கோணேச்சரம், வெருகல் ஆற்றங்கரைச் சித்திரவேலாயுதர் கோயில், கரையோர வேடர் வாழும் வாகரைப் பகுதி, மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் கோயில், 'சின்னக் கதிர்காமம்' எனப்படும் மண்டூர், திருக்கோவில் என ஊர்கள் தொடரும். பொத்துவிலும் பாணமையும் கடந்தால் உகந்தமலை. அதுவரை ஊர்களின் ஊடே சென்ற வழி, அதற்கப்பால் காட்டுக்குள் நுழையும்.

தமிழ் மரபு கூறும் ஐந்திணையையும் இவ்வழி தொட்டுச் செல்வதாகக் கொள்ளலாம். கடலோர மணல் நெய்தல். மட்டக்களப்பின் வயல்வெளி மருதம். உகந்தைக்கு அப்பாலுள்ள காடு முல்லை. வெயிலில் நீர் வற்றி வெடித்த நிலம் பாலை. இறுதியில் முருகனுக்கும் வள்ளிக்கும் உரிய கதிரமலை குறிஞ்சி.

காலமும் நீரும்

வைகாசி முதல் ஆடி வரையிலான காலத்தில் இலங்கையின் தென்மேற்குப் பகுதி மழையில் நனையும். அக்காற்று நடுமலை நாட்டில் ஈரத்தை இழந்து, கிழக்குக் கரைக்கு வறண்ட காற்றாக இறங்கும். கிழக்கிலங்கை மக்கள் இதனைக் 'கச்சான் காற்று' என்பர். இக்காலத்தில் ஆறுகள் மெலிந்து மணலாகக் கிடப்பதால் கால்நடையாகக் கடக்க முடிகிறது. மார்கழியில் அதே ஆறுகளில் வெள்ளம் கரைபுரளும். எனவே விழாக்காலமும் நடக்கத்தக்க காலமும் ஒன்றாகவே அமைந்தன.

எனினும் ஆறு கடக்க உதவும் வறட்சியே நீருக்கு இடராகிறது. உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை ஏறத்தாழ ஐந்து நாள் காட்டு வழி. வாகூரவட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் ஆகியவை தங்குமிடங்கள். இவை ஊர்கள் அல்ல. நீர் கிடைக்கும் இடங்கள். நீர் எங்கு உண்டோ அங்கு இரவு என்பதே காட்டு வழியின் கணக்கு.

வற்றிய ஆற்று மணலில் நடுவே குழி தோண்டுவர். முதலில் ஊறும் நீர் கலங்கியிருக்கும். அதனை இறைத்துவிட்டுக் காத்திருந்தால் தெளிந்த நீர் சுரக்கும். தோண்டியவர் மட்டும் பருகிச் செல்வதில்லை; பின்னே வருவோர்க்காக ஊற்றை அழிக்காமல் விட்டுச் செல்வது கடமை. குளிப்பதும் துணி துவைப்பதும் ஊற்றிலிருந்து விலகியே நடைபெற வேண்டும். எழுதப்படாத இச்சட்டத்தை மீறியவரைக் குழுவின் முதியவர் கண்டிப்பார்.

விலங்குகள் குறித்த அறிவும் இவ்வாறே கைமாறி வருகிறது. பாலை மரத்தின் பழம் கனியும் பருவம் இது. அப்பழத்தை விரும்பும் கரடிகள் மரத்தடியில் உலவும். எனவே வைகறை இருளிலும் அந்திக்குப் பின்னும் தனியே நடத்தல் ஆகாது. யானைகள் நீர்நிலைகளுக்கு வரும் தடத்தில் படுத்தல் ஆகாது. வழிநெடுகிலும் 'அரோகரா' என்று ஒலிப்பது பக்தியின் முழக்கம். மனிதர் வருகின்றனர் என்று விலங்குகளுக்கு அறிவிக்கும் குரலும் அதுவே.

சாமி என்னும் பெயர்

வேலின்பின் நடக்கத் தொடங்கியவர் அனைவரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர். ஊரில் ஆசிரியராக இருந்தவரும் கூலி வேலை செய்தவரும் அங்கே சாமிகளே. சாதியும் செல்வமும் பதவியும் அச்சொல்லுக்குள் மறைந்துவிடும். தோளில் ஒரு துணிமூட்டை, கையில் ஒரு தடி, சிறிது அரிசி ஆகியவற்றுக்குமேல் சுமப்பவர் முதல் வாரத்திலேயே பாடம் கற்பர். தேவையற்றது எது என்பதைத் தோள்வலி சொல்லிவிடும்.

ஊர்கள் உள்ளவரை உணவுக்குக் குறைவில்லை. அடியார் வருகின்றனர் என அறிந்ததும் ஊர்மக்கள் கோயில் முற்றத்தில் உலையேற்றுவர். கஞ்சியும் மோரும் பானைகளில் காத்திருக்கும். இசுலாமியர் வாழும் ஊர்களிலும் வாயிலில் தண்ணீர் வைத்து வழிப்போக்கரை உபசரிப்பது உண்டு. தம்மால் நடக்க இயலாத முதியவர்கள் ஒரு காணிக்கை முடிச்சைக் கொடுத்து, கதிர்காமத்தில் சேர்ப்பிக்குமாறு வேண்டுவர். நடப்பவர் தம் வேண்டுதலோடு, வழியில் சந்தித்த பலரின் வேண்டுதலையும் சுமந்து செல்கிறார்.

> தெரிந்து தெளிவோம்
> ஆங்கிலேய எழுத்தாளர் லெனார்டு உல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை மாவட்டத்தின் துணை அரசு முகவராகப் பணியாற்றினார். கதிர்காம விழாவுக்கு வரும் மக்களின் ஒழுங்கையும் நலத்தையும் மேற்பார்வையிடுதல் அவர் கடமைகளுள் ஒன்று. அவ்வனுபவம் 1913-இல் வெளிவந்த, 'காட்டில் ஒரு கிராமம்' என்னும் பொருள்படும் தலைப்புடைய அவருடைய புதினத்தில் இடம்பெற்றுள்ளது. சர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாடு குறித்து ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1924-இல் வெளிவந்தது.

அறுந்த வழி

இவ்வழி பலமுறை இடர்ப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாந்திபேதி பரவும் என அஞ்சிய ஆங்கில அரசு கதிர்காமம் செல்வோர் தொகையைக் கட்டுப்படுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊர்திச் சாலை கதிர்காமத்தை எட்டியது. பல வாரம் நடந்து சென்ற ஊருக்குப் பேருந்தில் ஒரே நாளில் செல்ல முடிந்தது. விழாக்கூட்டம் பெருகியது, நடப்போர் தொகை குறைந்தது. எனினும் சிறு குழுக்கள் நடையைக் கைவிடவில்லை. 1972-இல் பாட்ரிக் ஹரிகன் என்னும் அமெரிக்க இளைஞரும் அக்குழுக்களோடு சேர்ந்து நடந்தார்.

1983-இல் மூண்ட இனக்கலவரமும் அதனைத் தொடர்ந்த போரும் சாலையால் செய்ய இயலாததைச் செய்தன. வடக்கும் கிழக்கும் போர்க்களமாயின. சோதனைச்சாவடிகளும் கண்ணிவெடிகளும் நிறைந்த நிலத்தில் காவியுடுத்துக் கூட்டமாக நடப்பது உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் வரையிலான நெடுநடை நின்றது.

நடை நின்றபோது விழா ஒன்று நின்றதாக மட்டும் கருதலாகாது. குமுக்கன் ஆற்றில் ஊற்று எங்கே தோண்டுவது, நாவலடிக்கு எந்த மரத்தருகே திரும்புவது, எந்த ஊரில் எந்த வீட்டில் நோயாளியைச் சேர்ப்பது என்பன எந்நூலிலும் எழுதப்படவில்லை. அவை நடந்து நடந்து முதியவர்களின் உள்ளத்தில் படிந்தவை. அம்முதியவர்கள் இறந்துபோவதற்குள் இளையோர் ஒருமுறையேனும் அவர்களோடு நடந்தாக வேண்டும். தவறினால் பாதையோடு அவ்வறிவும் மறையும். 1988-இல் ஹரிகன் உள்ளிட்ட சிலர் வழியறிந்த அடியார்களோடு சேர்ந்து நெடுநடைக்கு மீண்டும் உயிரூட்ட முனைந்தமை இதனாலேயே முதன்மை பெறுகிறது. போர் ஓயாத ஆண்டுகளிலும் சிறுசிறு குழுக்கள் இயன்ற இடத்திலிருந்து புறப்பட்டு, இயன்ற தொலைவு நடந்தன.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியது. வழியிலிருந்த ஊர்கள் பல சிதைந்தன. அடியார்க்குச் சோறிட்ட வீடுகள் அழிந்தன. 2009-இல் போர் முடிவுற்றது. அதன்பின்னர் வடக்கிலிருந்து புறப்படும் குழுக்கள் மீண்டும் முழு வழியையும் நடக்கத் தொடங்கின. போரில் உறவை இழந்தோரும் இடம்பெயர்ந்து மீண்டோரும் அக்குழுக்களில் நடந்தனர். ஒரு காலத்தில் கடக்க அஞ்சிய நிலத்தை அவர்கள் மீண்டும் கால்களால் அறிந்தனர்.

புதிய இடர்

இன்று இவ்வழி எதிர்கொள்ளும் இடர் முன்னையதற்கு நேர்மாறானது. அன்று நடப்பவர் குறைந்ததால் பாதை மறையும் நிலை இருந்தது. இன்று நடப்பவர் மிகுந்ததால் காடு நலியும் நிலை தோன்றியுள்ளது. உகந்தைக்கு அப்பாலுள்ள வழி குமண, யால என்னும் இரு தேசியப் பூங்காக்களின் ஊடே செல்கிறது. குமணவின் நீர்நிலைகள் பறவைகளின் இனப்பெருக்க இடங்கள். யால சிறுத்தைகளுக்குப் புகழ்பெற்றது. விழாக்காலத்தை ஒட்டிச் சில நாள்கள் மட்டும் காட்டுவழி நடப்போர்க்குத் திறந்துவிடப்படுகிறது. அச்சில நாள்களில் பல்லாயிரவர் அதனைக் கடக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் உகந்தை வரை ஊர்தியில் வந்து, காட்டுவழியை மட்டும் நடப்பவர்.

அவர்களை இகழ்தல் முறையன்று. இரண்டு திங்கள் விடுப்புப் பெற இயலாத உழைப்பாளிக்கு ஐந்து நாள் நடையே கிடைத்தற்கரிய பேறு. ஆனால் ஒன்றரைத் திங்கள் நடந்து காட்டை அடைபவர் தம் மூட்டையை ஏற்கெனவே குறைத்திருப்பார். ஊற்றின் ஒழுக்கத்தையும் பழகியிருப்பார். நேராகக் காட்டுக்கு வருபவர்க்கு அப்பயிற்சி வாய்ப்பதில்லை. அவர் கொணரும் நெகிழிப் புட்டிகளும் உணவுப் பொதியுறைகளும் வழியில் தங்குகின்றன. அவற்றை மான்களும் யானைகளும் உண்ண நேர்கிறது. தொண்டர்கள் விழா முடிந்ததும் காட்டுக்குள் சென்று குப்பைகளை அகற்றுகின்றனர். நெகிழியைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தல்களும் வழங்கப்படுகின்றன.

இவ்விடருக்குரிய மருந்து இவ்வழியின் மரபிலேயே உள்ளது. பின்னே வருவோர்க்காக ஊற்றை அழிக்காமல் விட்டுச் செல்லுதல் என்பதே அது. அன்று பின்னே வருவோர் என்றால் மற்றொரு குழுவினர். இன்று அச்சொல்லுக்குள் மானும் யானையும் கரடியும், இன்னும் பிறவாத தலைமுறையும் அடங்கும். வள்ளி காட்டின் மகள். அவளைக் கரம்பற்றியவனை வழிபடச் செல்வோர், அவள் பிறந்த காட்டைச் சிதைத்துச் சென்றால் அப்பயணம் பொருளற்றதாகிவிடும்.

வழியே பேறு

கட்டகாமத்தைக் கடந்தபின் காடு மெலிந்து, கதிர்காமத்தின் ஒலி கேட்கத் தொடங்கும். நடந்து வந்தோர் மாணிக்க கங்கையில் இறங்குவர். ஊற்றுநீரை அளந்து பருகியவர்க்கு, மருத மரங்கள் நிழல்செய்ய ஓடும் அவ்வாற்றின் தண்மை சொல்லில் அடங்காதது. காய்ப்பேறிய கால்களோடு அவர்கள் கோயில் வாயிலை அடைந்து, திரையின் முன் நிற்பர். தம் வேண்டுதலைக் கூறியபின், வழியில் பெற்ற காணிக்கை முடிச்சுகளையும் சேர்ப்பிப்பர்.

அவர்கள் திரும்பும்போது பெரும்பாலும் பேருந்திலேயே செல்வர். அறுபது நாளில் நடந்த தொலைவை ஒரே நாளில் கடப்பர். சாளரத்தின் வழியே விரைந்து மறையும் ஒவ்வோர் ஊரிலும் தமக்கு மோர் தந்த கையையும் படுக்கத் திண்ணை தந்த வீட்டையும் அவர்களால் அடையாளம் காண இயலும். ஏனையோர்க்கு வெறும் ஊர்ப்பெயராக இருப்பது, நடந்தவர்க்கு அறிந்த முகமாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு புதிதாகப் புறப்படும் ஒருவருக்கு அவர்கள் அவ்வழியைக் கூறுவர். எங்கே நீர், எங்கே நிழல், எங்கே கரடி எனச் சொல்லி ஆற்றுப்படுத்துவர். அவ்வாறு சொல்ல ஒருவரும், கேட்டு நடக்க ஒருவரும் உள்ளவரை அப்பாதை மறையாது.